தூங்காதவனுக்குக் கொடுத்த காவல்

என் அண்ணனுடைய கால் முதலில் உடைத்தது மதினியின் முன்பல்லை. அவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான். கால்மாட்டில் விழுந்து கிடந்த போர்வையை எடுக்க மதினி குனிந்திருக்கிறாள். அவனுடைய வலது கால் தானாக ஒரு வெட்டு வெட்டி எழுந்து அவள் வாயில் இறங்கியது. பல் பாயில் விழுந்தது. மதினி போட்ட சத்தத்தில்தான் அவன் கண்ணையே திறந்தான்.

இதை யார் நம்புவார்கள்? மறுநாள் காலையில் நாகலாபுரத்திலிருந்து மதினியின் அண்ணன்மார் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தூக்கத்துல ஒதச்சாராம், பல்லு விழுந்துட்டாம். எங்களப் பாத்தா கிறுக்கம்மாரு மாதிரித் தெரியுதா?" என்று மூத்தவர் கேட்டார். கேட்டுக்கொண்டே அண்ணனின் கன்னத்தில் ஒன்று விட்டார்.

மதினி வாயில் துணியைப் பொத்திக்கொண்டு, "அவிய வேணும்னு செய்யலண்ணே, அவிய வேணும்னு செய்யல" என்று கத்தினாள். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து அவர்கள் இன்னும் இரண்டு போட்டார்கள். நான் சும்மா இருக்கிற ஆளில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அடிக்கக் கை முந்தும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே முந்தும். வாசலில் கிடந்த ஆட்டுக்கம்பை எடுத்து இளையவரின் முதுகில் ஒன்று வைத்தேன். அவர் திரும்பி என் மூக்கை உடைத்தார். இந்தக் கலவரத்தின் நடுவில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தான். நிற்கவே இல்லை, எடுத்துக்கொண்டே இருந்தான். அடிபட்டதில்தான் இப்படி ஆகிவிட்டது என்று பயந்துபோய், அடித்தவர்களே தங்கள் வண்டியில் அவனை ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் பஞ்சோடு நானும் பின்னால் போனேன்.

அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது அடியால் வந்த வாந்தி இல்லை என்றார்கள். சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன. பல வருஷமாக இருந்த பிரஷரை யாரும் கவனிக்கவில்லை. எட்டயபுரத்தில் ஒருமுறை யாரோ பார்த்து மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். தலைவலி போனதும் அண்ணன் அதை நிறுத்திவிட்டான்.

இடது கையில் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்தார்கள். டயாலிசிஸ் ஊசி அதில்தான் ஏறும். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ரத்தம் இரைந்துகொண்டு ஓடுவது விரலுக்குத் தெரியும். காதை வைத்தால் சத்தமே கேட்கும். இந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, இந்தப் பக்கம் ஒருக்களிக்கக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, அடிபடக் கூடாது, இரைச்சல் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும் என்று நர்ஸம்மா எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"இந்தக் கை போச்சுன்னா ஆளு போச்சுன்னு வச்சுக்கோங்க" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்குச் சொல்லவில்லை, தெரியாது என்று பின்னால் சொல்ல எனக்கு வழியே இல்லை. அதற்காகத்தான் இதை இங்கேயே எழுதுகிறேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் விளாத்திகுளத்திலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்து அண்ணன் கோவில்பட்டிக்குப் போய்வந்தான். வாந்தி நின்றது. முகவீக்கம் வற்றியது. கால் மட்டும் அடங்கவில்லை.

பகலில் ஒன்றும் இருக்காது. பொழுது இறங்கிப் படுக்கையில் சாய்ந்தால் ஆரம்பிக்கும். "வலி இல்லலே. வலின்னாத் தாங்கிருவேன். எலும்புக்குள்ள யாரோ ஒக்காந்து நரம்பத் திருகுதாவ" என்பான். காலை ஆட்டினால் கொஞ்சம் அடங்கும். எழுந்து நடந்தால் நன்றாக அடங்கும். படுத்தால் திரும்ப வரும். நடந்துகொண்டே எவன் தூங்குவான்? தப்பித் தவறிக் கண் சொருகினாலும் கால் ஒரு உதை உதைத்து எழுப்பிவிடும். மதினி அதற்குப் பிறகு சுவர் ஓரமாகத் தனிப் பாய் போட்டுக்கொண்டாள். காலோடு அரிப்பும் சேர்ந்துகொண்டது. தேங்காய் நாரை வைத்து முதுகைத் தேய்ப்பான். விடிந்து பார்த்தால் சட்டையில் ரத்தம் கோடு கோடாக இருக்கும். தாங்க முடியாத நாட்களில் தன் தொடையைத் தானே முஷ்டியால் குத்துவான். பக்கத்து அறையில் படுத்திருக்கும் எனக்கு அது மாவு இடிக்கிற சத்தமாகக் கேட்கும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? "ஏ, சத்தம் போடாமக் குத்துதியா? மனுசன் தூங்க வேண்டாமா?" என்று சுவரைத் தட்டினேன்.

டாக்டரிடம் இதை அவன் சொல்லவே இல்லை. ஒவ்வொரு முறையும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பார்கள், "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு வருவான். அது மறைப்பது அல்ல. தூக்கம் வராதது ஒரு நோய் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நாங்கள் ஆடு மேய்க்கிற குடும்பம். பொழுது விடிந்தபிறகு படுத்துக் கிடந்தால் அப்பா கம்பால்தான் எழுப்புவார். அதிகம் தூங்குகிறவனுக்குத்தான் எங்கள் வீட்டில் வைத்தியம் உண்டு. தூங்காதவனை ஊரில் பாராட்டத்தான் செய்வார்கள்.

எங்கள் தொழிலைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்ல வேண்டும். எங்களிடம் இருப்பது செம்மறி. வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகள் இருக்கும், பொட்டாடு என்போம். கோடையில் கரிசல் காடெல்லாம் சும்மா கிடக்கும்போது விவசாயம் செய்கிற சம்சாரிகள் தங்கள் நிலத்தில் ஆட்டைக் கொண்டுவந்து ராத்திரி அடைக்கச் சொல்வார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். இதற்குக் கிடை போடுவது என்று பெயர். சுற்றி வலை கட்டி ஆட்டை உள்ளே விட்டு, ஓர் ஆள் விடிய விடிய முழித்திருந்து காவல் காக்க வேண்டும். திருடன் பயம் பழைய கதை. இப்போது நாய்தான். ஊருக்கு வெளியே கோழிக்கழிவு கொட்டுகிற இடங்களில் தின்று வளர்ந்து கூட்டமாகத் திரிகிற நாய்கள்.

முன்பு நானும் அண்ணனும் மாறி மாறிக் காவல் இருந்தோம். பகலெல்லாம் வெயிலில் மேய்த்துவிட்டு ராத்திரி முழித்திருப்பது உயிரை எடுக்கிற வேலை. டயாலிசிஸ் ஆரம்பித்தபிறகு இரண்டும் என் தலையில் விழுந்தது. நான் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஆட்டுக்கே திரும்பி வந்தவன். அந்த எரிச்சல் ஏற்கெனவே உண்டு. தூக்கமும் இல்லையென்றால் கேட்க வேண்டாம். ஒருநாள் சாப்பிடும்போது அந்த யோசனையை நான்தான் சொன்னேன்.

"எப்படியும் முழிச்சுத்தான கெடக்கே. கெடையில வந்து முழிச்சுக் கெட. நடக்கணும் நடக்கணுங்கியே, ஆட்டச் சுத்தி நட."

மதினி சோற்றுக் கரண்டியோடு நின்றாள். "ஒடம்புக்கு முடியாத மனுசன் தம்பி" என்றாள்.

"முடியாதவன்தான் ராத்திரி பூராவும் முத்தத்துல நடக்கானாக்கும்" என்றேன்.

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். வீட்டில் அவன் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கிறவனாக இருந்தான். சம்பாத்தியம் இல்லை, செலவு மட்டும். இப்போது அவனுடைய வியாதிக்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது. "நல்ல யோசனதாம்லே" என்றான். அன்று பொழுது இறங்கும்போதே டார்ச் லைட்டையும் கம்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இப்படி இரண்டு கோடை போயிற்று. பகல் எனக்கு, இரவு அவனுக்கு. வலையைச் சுற்றி அவன் நடந்த தடம் தனியாகத் தெரியும், மாட்டுவண்டிப் பாதை மாதிரி மண் இறுகிப் போயிருக்கும். அவன் காவலில் ஒரு குட்டிகூடப் போகவில்லை. சம்சாரிகள் என்னைப் பார்த்தால், "ஒங்க அண்ணாச்சி கண்ணு கொட்டாம நிக்காவ, இந்த வருசமும் அவியளே வரட்டும்" என்பார்கள். எங்களிடம் ஒரு காவல் நாய் இருந்தது. பைபாஸில் லாரி அடித்துச் செத்துப்போனது. வேறு நாய் நான் வாங்கவில்லை. எதற்கு? அண்ணன் இருக்கிறானே. நாயின் வேலையையும் சேர்த்து அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் தூங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே நான் நன்றாகத் தூங்கிய இரண்டு வருஷம் அதுதான். அவனுடைய தூக்கத்தையும் சேர்த்து நானே தூங்கினேன்.

ஒருமுறை மண்ணெண்ணெய் லைட் ஒன்றைக் கொடுக்க இருட்டும் நேரத்தில் கிடைக்குப் போனேன். கரிசல் மண் கோடையில் வெடிக்கும், முழங்கால் இறங்குகிற அளவுக்குப் பிளந்திருக்கும். அண்ணன் ஒரு வெடிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, வலது காலை அதற்குள் விட்டு, சுற்றிலும் கட்டி மண்ணைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே செய்யுத? பாம்பு கெடக்குமுல்லா உள்ள?"

"கெடக்கட்டும். கடிச்சா அந்த வலியிலயாவது இது தெரியாமப் போவுமுல்லா."

அவன் சிரித்துக்கொண்டு சொன்னதால் நானும் சிரித்தேன். புதைத்த காலின் தொடை துடித்துக்கொண்டிருந்தது வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. லைட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதையெல்லாம் கடைசியில் மதினிதான் உடைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு அவளும் கூடப் போயிருந்தாள். மெஷினில் படுத்திருக்கும்போதே அவன் கால் வெட்டியிருக்கிறது. நர்ஸம்மா "கால ஆட்டாதீங்க" என்று சத்தம் போட, மதினி தன் மேலுதட்டைத் தூக்கிப் பல் போன இடத்தைக் காட்டி, "இந்தக் காலுதாம்மா இத எடுத்துச்சு. இந்த மனுசன் தூங்கி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு" என்று ஆரம்பம் முதல் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். டாக்டரம்மா வந்து கேட்டார். சிறுநீரகம் கெட்டவர்கள் நிறையப் பேருக்கு இந்தக் கால் தொந்தரவு வரும், அரிப்பு வரும், தூக்கம் போகும், இதைச் சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும் என்று திட்டினார். ரத்தம் எடுத்து இரும்புச்சத்து பார்க்கச் சொன்னார். ராத்திரி போட ஒரு மாத்திரையில் பாதி எழுதிக்கொடுத்தார்.

"இது தூக்கத்தக் குடுக்கும். வண்டி ஓட்டாதீங்க. ராத்திரி வேலை எதுவும் கூடாது. பாக்குறீங்களா?"

"இல்லம்மா, சும்மாதான் இருக்கேன்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. முழித்திருப்பதை அவன் வேலை என்றே நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் மேய்ச்சல் முடிந்து ஆட்டை வலைக்குள் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். குதிகாலில் உடைமர முள் ஏறி ஒடிந்திருந்தது. ஊசியை வைத்து அதைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏலே, இன்னைக்கு ஒருநா நீ கெடைக்குப் போறியா? மாத்திர குடுத்திருக்காவ. போட்டுப் பாக்கணும்."

"என்ன மாத்திர?"

"தூக்கம் வருமாம்."

நான் சிரித்தேன். முள் குத்திய எரிச்சலில் வந்த சிரிப்பு. "ஒனக்கா? மண்ணுல பொதச்சே அடங்காத காலு, அர மாத்திரைக்கா அடங்கப் போவுது? போட்டுட்டுப் போ. வேல செஞ்சா நாளைக்கு நான் போறேன்."

அடுப்படியிலிருந்து மதினி, "தம்பி, டாக்டரம்மா ராத்திரி வேல கூடாதுன்னாவ" என்றாள்.

"வேலயா இது? உக்காந்திருக்கதுதான மதினி?"

அண்ணன் மாத்திரையை இரண்டாக ஒடித்து, பாதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவனுக்கும் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைக்கிறேன். அத்தனை நாள் ஏமாந்தவன் எதை நம்புவான்? நான் சாப்பிட்டுப் படுத்தேன். அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன்.

காலையில் வெளுத்துவரும்போது டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிடைக்குப் போனேன். தூரத்திலேயே காக்காய் எழும்பி எழும்பி இறங்குவது தெரிந்தது. வலை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. ஆடுகள் உள்ளேயும் வெளியேயும் கிடந்தன. எங்கள் ஆட்டுக்குப் பிறவியிலேயே சிவப்புத் திட்டு உண்டு என்றேனே, எது பொட்டு எது ரத்தம் என்று அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. கிட்டத்தில் போனபோது தெரிந்தது. எல்லாம் கழுத்தில் கடி. நாய்கள் தின்னவே இல்லை, ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கின்றன. ஒரு சினை ஆடு குடல் வெளியே தொங்க நின்றபடியே என்னைப் பார்த்தது. நான் எண்ணினேன். இருபத்தேழு வரை எண்ணியதும் குட்டிகள் கிடந்த இடத்துக்கு வந்தேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

வெள்ளாடாக இருந்தால் ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கும். செம்மறி கத்தாது. நாய் கழுத்தைப் பிடித்தாலும் வாயைத் திறக்காமல் சாகும். அதனால்தான் அதற்கு ஆள் முழித்திருக்க வேண்டும்.

அண்ணன் வலைக்கு அந்தப் பக்கம் கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். வாய் திறந்திருந்தது. குறட்டை வந்தது. குறட்டை! கால்கள் இரண்டும் நீட்டி அசையாமல் கிடந்தன. அதை நான் பார்த்தேன். இரண்டு வருஷமாக அடங்காத கால் அடங்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு அது உறைக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு மட்டுக்கூட இல்லை. கட்டில் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த அவனுடைய கம்பையே எடுத்தேன்.

முதல் அடி தொடையில் விழுந்தது. அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏலே, விடிஞ்சிருச்சா? நான் தூங்கிட்டேன்லே!" என்றான்.

நல்ல சேதி சொல்கிற குரல் அது. பிள்ளை பிறந்த வீட்டில் கதவைத் திறந்துகொண்டு வந்து சொல்வார்களே, அந்தக் குரல். அடி விழுந்ததே அவனுக்கு இன்னும் தெரியவில்லை. நான் அதற்குள் இரண்டாவது அடிக்கு ஓங்கிவிட்டேன். அவன் இடது கையைத் தூக்கித் தலையை மறைத்தான்.

ஆத்திரத்தில் எந்தக் கை என்று பார்க்கவில்லை என மதினியிடம் சொன்னேன். இங்கே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பார்த்தேன். ஊசி ஏறி ஏறித் தடித்து எழும்பியிருந்த அந்த இடம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. கம்பு இறங்குவதற்குள் கையை நிறுத்த நேரம் இருந்தது. நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது அடிக்கும் ஓங்கினேன். அவன் மறைக்கவில்லை. அவனுடைய கண் என்னைத் தாண்டி வலைக்குப் போயிருந்தது. எழுந்து ஓடினான். செத்த ஆட்டின் கழுத்தையெல்லாம் கையால் பொத்திப் பொத்திப் பார்த்தான். ஒவ்வொன்றின் முகத்தையும் திருப்பிப் பார்த்து, "ஐயோ, இதுவுமா, ஐயோ, இதுவுமா" என்று அழுதான். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கெட்ட வார்த்தைகளாகப் பேசினேன். குடித்துவிட்டுக் கிடந்தாயா என்று கேட்டேன். எங்கள் அப்பனுக்குப் பிறந்தவன்தானா என்று கேட்டேன். ஒரு குட்டியைத் தூக்கிய இடத்தில் அவன் சட்டென்று நின்றான். குட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை மடக்கிக் காதோடு வைத்துக்கொண்டான். தினமும் காலையில் அப்படித்தான் பார்ப்பான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தான்.

"சத்தம் கேக்கலலே" என்றான்.

என் கை கம்பை விட்டது. அவன் கையைப் பிடித்து நான் காதை வைத்தேன். ஆட்டுப் புழுக்கை, ரத்தம், வியர்வை நாற்றம்தான் வந்தது. உள்ளே ஒன்றும் ஓடவில்லை. தோல் நீலமாகக் கன்றி நீளமாக வீங்கிக்கொண்டு வந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு ஆடெல்லாம் மறந்துபோயிற்று. குற்றுயிராகக் கிடந்தவற்றை அப்படியே போட்டுவிட்டு அவனை டிவிஎஸ்ஸில் பின்னால் உட்காரவைத்துக் கோவில்பட்டிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவன் தலை என் முதுகில் மோதிக்கொண்டே வந்தது. மயங்கிவிட்டான் என்று பயந்து திரும்பித் திரும்பிக் கூப்பிட்டேன். மயக்கம் இல்லை. மாத்திரையின் வேகம் இன்னும் இறங்கவில்லை, தூங்கித் தூங்கி விழுந்திருக்கிறான்.

கையைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "எப்படி ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான். "கெடா முட்டிருச்சும்மா."

அவர் அந்த நீளமான தடிப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கெடா இவ்வளவு நீளமாவா முட்டும்?" என்றார். பதிலுக்கு நிற்காமல் திருநெல்வேலிக்குப் போகச் சொல்லி எழுதிக்கொடுத்தார். அங்கே போயும் அந்தக் குழாயை மீட்க முடியவில்லை. கழுத்தில் துளை போட்டு ரப்பர் குழாயைச் செருகி டயாலிசிஸ் செய்தார்கள். கழுத்துக் குழாயில் சீழ் பிடித்தது. பத்து நாள் குளிர்காய்ச்சல் வந்து கட்டிலோடு தூக்கிப் போட்டது. பிழைப்பானா என்றே தெரியாமல் இருந்த ஒரு நாளில் மதினி ஆஸ்பத்திரி மாடிப்படியில் வைத்து என்னிடம் பேசினாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள்.

"எங்க அண்ணம்மாரு தெரியாம அடிச்சாவ. நீ தெரிஞ்சு அடிச்சிருக்க. அவிய தூங்குனது ஒனக்குப் பொறுக்கல."

செருப்பால் அடித்திருக்கலாம். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு கணக்கு முடிந்தது என்று இருந்திருப்பேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

பிழைத்துக்கொண்டான். வலது கையில் மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். அது பக்குவமாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சிறுசாக இருக்கிறது, குழாய் மெலிசு, இதுவும் போனால் அடுத்து எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும் என்றார்கள். மிச்சமிருந்த ஆட்டில் பாதியை விற்றோம். மீதிக்கு ராத்திரி நான் காவல் இருக்கிறேன். இப்போது என்னிடம் இரண்டு நாய் இருக்கிறது.

மாத்திரை வேலை செய்கிறது. எல்லா நாளும் இல்லை. சில நாள் இன்னும் கால் வெட்டும், அரிப்பு முழுதாகப் போகவில்லை. ஆனாலும் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்குகிறான். முகத்தில் கறுப்பு குறைந்திருக்கிறது. ஆட்டைப் பற்றியோ அடியைப் பற்றியோ இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "கெடா முட்டிருச்சு" என்று ஊரிலும் அவன் சொன்னதுதான் இன்றுவரை நிற்கிறது.

மதினி இப்போது தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குப் போகிறாள், அந்த வேனுக்கு இருட்டோடு கிளம்பிவிடுகிறாள். அதனால் டயாலிசிஸ் நாட்களில் முதல் பஸ்ஸுக்கு அவனை எழுப்புகிற வேலை கிடையிலிருந்து வருகிற என்னுடையது. கம்பை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். சத்தமில்லாமல் பக்கத்தில் போய், காலைத் தொட்டு மெதுவாக, "அண்ணே" என்பேன். என்ன மெதுவாகச் சொன்னாலும் ஒன்றுதான். கண் திறப்பதற்கு முன்னாலேயே அவனுடைய கை எழுந்து தலையை மறைத்துக்கொள்கிறது. பிறகுதான் கண் திறக்கிறது. என்னைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டு, "நல்லாத் தூங்கிட்டேன்லே" என்கிறான். கை எழுந்தது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் தூக்குவது வலது கையை.